பெரும்பாலும் சைவம்

தம்பி சாமித்துரை அவர்களுக்கு,

மாமிசம் இல்லாமல் சமைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிஞ்சுக் கத்தரிக்காய் அரைக் கிலோ, எலுமிச்சை அளவு புளி, இரண்டு கை சின்ன வெங்காயம், ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் இருந்தால் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிட்டு எழுந்திருக்கும். போன வியாழக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பால்பவுடர் டின்னை என் முன்னால் வைத்து, "இதுல என்னென்ன போட்டீங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க, டாக்டர் கேக்காரு" என்று சொன்னீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் கொலை செய்தவளிடம் பேசுகிற மாதிரி இருந்தது. நான் சமைக்கிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் பெயர் பத்திரகாளி. பெயரை வைத்து ஒன்றும் நினைத்துவிட வேண்டாம், அது சாமி பெயர். பத்தொன்பது வருஷமாகக் கோவில்பட்டியில் குடும்பம் நடத்துகிறேன். கோபத்தில் ஒரு கரண்டியைக்கூட வீசியதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பொடியை முதலில் எழுதிவிடுகிறேன். கொத்தமல்லி அரைக் கிலோ. குண்டு வத்தல் கால் கிலோ. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் கண் அளவுக்கு. ஒரு பிடி கறிவேப்பிலை, ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக இருக்கும். கடைசியாக இன்னொன்று உண்டு. அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படி உள்ளே வந்தது என்பதுதான் தெரியாது. அதைச் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், தீப்பெட்டி ஆபீஸில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. கறியைக் குறைச்சுக்கிடுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். குறைக்கச் சொன்னார், விடச் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன் எதையும் பாதியாகச் செய்து பழக்கமில்லாதவர். பீடியை விட்டபோது தெருவில் யார் பீடி குடித்தாலும் நின்று புத்தி சொல்லிவிட்டுத்தான் போவார். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினார். மேலே சிவப்பு மையில் "பெரும்பாலும் சைவம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். தீபாவளிக்கும் பங்குனியில் வருகிற கோவில் கொடைக்கும் மட்டும் கறி உண்டு. திங்கள் கீரை, செவ்வாய் கானத்துவையல், புதன் மொச்சை. எழுதுவது சுலபம். எழுதினவருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது.

அதுவரை நான் யார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஆட்டுக்கறிக் குழம்பு இந்தத் தெருவில் பேர் போனது. என் நாத்தனார்மார் வெள்ளிக்கிழமை என்னோடு சண்டை போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் சமாதானமாகி வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் வாய் திறந்து பாராட்டுகிற ஆள் இல்லை. ஆனால் கறிக்குழம்பு அன்றைக்கு மட்டும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு நிமிஷம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது போதும். வாரத்துக்கு ஒரு நிமிஷம்.

தாளை ஒட்டினதும் அந்த நிமிஷம் போய்விட்டது. எனக்குச் சைவச் சமையல் அவ்வளவாக வராது. எங்கள் அம்மா வீட்டில் காய்கறி என்றால் கறிக்கு நடுவில் இளைப்பாறுவதற்கு. முதல் ஒரு மாதம் வீட்டில் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. பெரியவன் சோலைராஜ் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான், தீபாவளிக்கு எத்தனை நாள் என்று. சின்னவள் பேபி ஒருநாள் கீரையைப் பிசைந்துகொண்டே, "ஏம்மா, நம்ம வீட்டுல யாரும் செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். எங்கள் வீடுகளில் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் கறி வைக்காமல் இருப்பது அதற்கு மட்டும்தான்.

உங்கள் அக்கா கோமதி டீச்சர் அப்போதுதான் எங்கள் வீட்டுப் பின்பகுதிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தனி ஆள், பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். மரியாதையான மனுஷி. சுத்த சைவம் என்பதால் எங்கள் அடுப்பில் கறி வெந்த காலத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வழக்கம். நாங்கள் சைவத்துக்கு மாறியது தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிண்ணத்தில் சொதி கொண்டுவந்தார்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு வெள்ளைவெளேர் என்று இருந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வாயைத் திறந்தும் சொன்னார்: "இப்படி இருந்தா கறி எதுக்கு? ஏட்டி, நீயும் டீச்சர்ட்ட கொஞ்சம் கேட்டுப் படிச்சுக்கிடேன்."

சரி என்றேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மறுநாளே போய்ப் படித்தேன். உங்கள் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, பருப்புத் துவையல். பத்தொன்பது வயதில் அடுப்படிக்குப் பொறுப்பேற்றவளுக்கு, உப்பை எப்போது போட வேண்டும் என்று இரண்டு தடவை விளக்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதே போல வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்ல, டீச்சர் வச்ச மாதிரிக்கு வரணும்னா இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்" என்றார்.

அந்த வாரம்தான் வெயிலம்மாள் வந்தாள். வேம்பாரிலிருந்து பஸ்ஸில் கருவாட்டுக் கூடை கொண்டுவருகிறவள். பல வருஷமாக எங்கள் வீட்டுக்குப் போடுகிறாள். நாங்கள் இனிமேல் வாங்க மாட்டோம் என்று சொன்னதும் அவளுக்கு மனது கேட்கவில்லை. கூடைக்கு அடியிலிருந்து ஒரு கை சென்னாக்கூனியை அள்ளி என் முந்தானையில் போட்டாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய்ந்து சுருண்டு இருக்குமே, அந்தப் பொடி இறால்.

"சும்மா வச்சுக்கோங்கக்கா. இத மீனுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. கூனியை வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் நுணுக்கி, பொடியோடு சேர்த்து இரண்டு கரண்டி போட்டேன். வறுக்கும்போது வாடை வரும். என் வீட்டுக்காரர் ஆபீஸிலும் டீச்சர் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற பதினொரு மணிக்கு வறுத்து, சாம்பிராணி போட்டுவிட்டேன். வீடு கோவில் மாதிரி மணத்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் மூன்று தடவை குழம்பு வாங்கினார். சோலைராஜ் காலண்டரைப் பார்க்கவில்லை. பேபி தட்டை நக்கினாள். எல்லாம் முடிந்து அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "டீச்சர்ட்ட படிச்சியோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். நான் சொன்ன பொய் என்றால் அது ஒன்றுதான். அதிலும் எனக்கு வரவேண்டிய பேரை உங்கள் அக்காவுக்குத்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வெயிலம்மாள் பின்வாசல் வழியாக மாதம் ஒருதடவை வந்தாள். இதைத் தப்பு என்று நினைக்கிறவர்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒருதடவை படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சைவம் என்றால் கொஞ்சம் அசைவம் என்றுதானே அர்த்தம். அவர் அந்தக் கொஞ்சத்தைத் தீபாவளிக்கும் கொடைக்கும் மொத்தமாக வைத்திருந்தார். நான் அதை வருஷம் முழுக்கப் பிரித்துப் போட்டேன். குடும்பம் நடத்துகிறவள் எதையும் அப்படித்தானே செய்ய முடியும்.

பலனும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வரவில்லை, பிரஷர் இறங்கியது. போகிற இடமெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார். "மாமிசத்துல என்ன அண்ணாச்சி இருக்கு? ருசி பூராவும் மசாலாவுலதான் இருக்கு. எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்று மற்ற தீப்பெட்டி ஆபீஸ்காரர்களிடம் சொல்வார். அவர்களும் வந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேர் அப்படியே சைவத்துக்கு மாறினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ருசி வரவில்லை என்று கேட்டார்கள். கைப்பக்குவம் என்றேன். எதிர்வீட்டுப் பூனை மட்டும் நான் பொடி இடிக்கிற அன்றைக்குத் தவறாமல் அடுக்களை ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தெருவில் விஷயம் தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கந்த சஷ்டிக்கு விரதம் இருந்து கழுகுமலைக்கு நடந்து போன பதினொரு பேரை, விரதம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள். அன்றைக்கு மட்டும் பொடி போடாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஆறு நாள் சாப்பிடாமல் இருந்து வருகிறவர்களுக்குச் சப்பென்று ஒரு குழம்பை எப்படி ஊற்றுவது? பதினொரு பேரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர், இந்த வீட்டு அன்னத்தில் முருகன் இருக்கிறான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். 

இனி உங்கள் அக்கா விஷயம்.

தைமாதம் ஒருநாள் டீச்சர் குளித்துவிட்டு வந்து, "இனிமே உங்க வீட்டுல சாப்பிடுததுக்கு எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. உங்கள நம்பித்தான் அக்கா" என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மொச்சைக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எங்கள் வீட்டுக் குழம்புதான். முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. உதடு வீங்கியது. கத்தரிக்காய் கரப்பான் பண்டம் என்று தெருவே சொன்னது. நானும்தான் சொன்னேன், அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் கத்தரிக்காயை விட்டார்கள். அடுத்தது மொச்சை. அதையும் விட்டார்கள். அதற்கடுத்து தட்டாம்பயறு, வேர்க்கடலை, சேனைக்கிழங்கு. ஒரு டாக்டர் தண்ணீர் சரியில்லை என்றார், இன்னொருவர் தீப்பெட்டி மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பாவம், உங்கள் அக்கா ஒவ்வொரு காயாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சுரைக்காயிலும் பீர்க்கங்காயிலும் நின்றார்கள். அந்த இரண்டையும் நான் பொடி போட்டு வைத்தபோது அவையும் ஒத்துக்கொள்ளவில்லை.

முடியாத நாட்களில் அவர்கள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிண்ணம் வருவதும் நின்றுபோனது. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் கோடை லீவுக்கு உங்களோடு மணியாச்சியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். முகம் தெளிந்து, கன்னம் பூரித்து வந்தார்கள். "மணியாச்சித் தண்ணி நல்லா ஒத்துக்கிடுது அக்கா. தம்பி கத்தரிக்கா வாங்கிட்டு வந்தான், பயந்துக்கிட்டே ஒரு வாய் சாப்பிட்டேன். ஒண்ணுமே செய்யல" என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. எதையும் தெரிந்துகொள்ளாமல் பேசுகிறவள் இல்லை நான். மறுநாள் பொடி போடாமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. நான்கு நாள் கழித்துப் பொடி போட்டு வைத்துக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் உதடு வீங்கியது. ஒரு தடவை என்றால் தற்செயலாக இருக்கலாம். அதனால் இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை மூச்சும் கொஞ்சம் இழுத்தது. என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். நான் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகும் பொடி போட்டுக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. டீச்சருக்கென்று தனியாக ஒரு சட்டியில் பொடி இல்லாமல் வைத்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் தெரியாமல் அந்தச் சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "என்ன ஏட்டி, கை மறந்து போச்சா? டீச்சர் வச்சா வெறும் தண்ணிகூட ருசிக்கும்" என்றார். டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, அக்கா கைக்கு யாரு வருவா" என்று எனக்காகப் பேசினார்கள்.

அன்றோடு அந்தத் தனிச் சட்டியை நிறுத்திவிட்டேன். இரண்டு சட்டி கழுவுவது எனக்கும் சிரமமாக இருந்தது. அதற்குப் பிறகு டீச்சரே பயந்துகொண்டு பெரும்பாலும் ரசமும் மோரும்தான் வாங்கினார்கள். என்றைக்காவது ஆசைப்பட்டு ஒரு கரண்டி குழம்பு கேட்டால் ஊற்றுவேன். நானாக வற்புறுத்தினது கிடையாது.

இந்த ஜூன் மாதம் டீச்சருக்கு நாகலாபுரம் பக்கம் மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வண்டி வந்து வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் அடுக்களைக்கு வந்து, "டீச்சர் அங்கன போயி தனியா என்னத்த வச்சுச் சாப்பிடுவாவ? நம்ம பொடியில ஒரு டின்னு குடுத்துவிடு" என்றார். டீச்சரும் பின்னாலேயே வந்து, "குடுங்க அக்கா. காயிதான எனக்கு ஆகாது. சுடுசோத்துல பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைஞ்சா எனக்குப் போதும். உங்க நெனப்பும் இருக்கும்" என்றார்கள்.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் என் வீட்டுக்காரர் நம்பிவிடுவார், நீங்களும் ஒருவேளை நம்புவீர்கள். ஆனால் தெரியும். சுடுசோற்றில் பொடியாகவே போட்டுச் சாப்பிட்டால் குழம்பில் விழுவதைவிடப் பல மடங்கு உள்ளே போகும் என்பதும் தெரியும். புதிதாகப் பொடி இடிக்க ஒருமணி நேரம் போதும். மல்லி, வத்தல், பருப்பு எல்லாம் வீட்டில் இருந்தது. வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். உரலுக்குப் பக்கத்தில் போய்க்கூட நின்றேன்.

கூனி இல்லாமல் இடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் அக்கா அங்கே போய் ஒருநாள் டின்னைத் திறந்து சாப்பிடுவார்கள். ருசி இருக்காது. அவர்களுக்கு ருசி தெரிந்த நாக்கு. பத்திரகாளி அக்கா கையில் ஒன்றும் இல்லை என்று ஒரே வாயில் தெரிந்துகொள்வார்கள். யாரிடமும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் சுபாவம் அப்படி. மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்காகப் பரிதாபப்படுவார்கள். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

இருந்த பொடியையே டின் நிறையப் போட்டு, மூடியை அழுத்தி மூடி, துணியில் கட்டிக் கொடுத்தேன். டீச்சர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்கள்.

பிறகு நடந்தது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட இடைவேளையில் வீட்டுக்கு வந்து சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள். திரும்பிப் போகிற வழியிலேயே தொண்டை அடைத்து விழுந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் ஒரு லாரியை மறித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னாராம். என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்க நீங்கள் டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே இசக்கியப்பன் என்று ஒரு கம்பவுண்டர், கடற்கரை ஊர்க்காரர். மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்துவிட்டு, "இது சென்னாக்கூனில்லா, எங்க வீட்டுலயும் வைப்பாவ" என்றாராம். நல்ல மூக்கு அவருக்கு. எங்கள் வீட்டில் இரண்டரை வருஷம் சாப்பிட்டவர்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

நீங்கள் டின்னோடு வந்தபோது என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "எங்க வீட்டுப் பொடியிலயா? தம்பி, வேற எதுலயும் கலந்திருக்கும். இது சுத்த சைவம்" என்றார். நீங்கள் டின்னை அவரிடம் நீட்டினீர்கள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அவருடைய முகம் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இவிய சொல்லுதது நெசமா?"

"டாக்டர் குறைக்கத்தான் சொன்னாரு" என்றேன்.

நீங்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்தப் பதினோரு பேருக்கும் போட்டியா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவ."

"நான் கூட்டிட்டு வந்த ஆளுக."

"ஆமா."

சுவரில் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வீட்டில் சாப்பிடவில்லை. ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இட்லி வாங்கிச் சாப்பிடுகிறார் என்று சோலைராஜ் சொன்னான். அந்தக் கடைச் சட்னியை நாய்கூடத் தொடாது. சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு வார்த்தை பேசினார். "டீச்சர் உனக்கு என்ன செஞ்சாவ?" என்று கேட்டார். உண்மையிலேயே அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

மூச்சு நின்றபோதுகூட அழாத டீச்சர், இத்தனை நாள் எதைச் சாப்பிட்டோம் என்று தெரிந்ததும் அழுதார்கள் என்று சொன்னீர்கள். வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்கள் என்றீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மனது கேட்கவில்லை. மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? போலீஸில் சொல்வது, சொல்லாதது உங்கள் இஷ்டம். யார் வந்து கேட்டாலும் இதில் எழுதியிருப்பதைத்தான் சொல்வேன். நான் போட்டேன், தெரிந்துதான் போட்டேன், டின்னையும் தெரிந்துதான் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு தூக்குச்சட்டியும் வரும். மேல்தட்டில் குழைய வடித்த பச்சரிசிச் சோறு. கீழே மிளகு ரசம். சின்னக் கிண்ணத்தில் பருப்புத் துவையல், அவர்களே சொல்லிக்கொடுத்த முறையில். புதுச் சட்டி வாங்கி, அடுப்பை மெழுகி, குளித்துவிட்டுத்தான் வைத்தேன். இதில் ஒன்றும் இல்லை. சந்தேகமாக இருந்தால் நீங்கள் முதலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். யார் வைத்தது என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கார்டு போடுங்கள். எனக்கு வேண்டாம், என் வீட்டுக்காரர் பெயருக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
சு. பத்திரகாளி